மீன் வியாபாரிகளுக்கான புதுச் செயலி: முதல் பயனர்களிடம் உண்மையான கருத்தை எப்படி வாங்குவது?

ராயபுரம் நிரலர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் நண்பரும் சேர்ந்து மீன் விற்கிறவர்களுக்காக ஒரு பற்று வரவுச் செயலி செய்து ப்ளே ஸ்டோரில் போட்டிருக்கிறோம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்து, மார்க்கெட்டிலோ தெருமுனையிலோ உட்கார்ந்து சில்லறைக்கு விற்கிறவர்கள்தான் எங்கள் பயனர்கள். இன்றைக்குச் சரக்கு எத்தனைக்கு எடுத்தார்கள், ஐஸ், ஆட்டோ கூலி எவ்வளவு, யார் கடன் வைத்திருக்கிறார்கள், கையில் என்ன நிற்கிறது, இவ்வளவுதான் செயலி. தமிழில் மட்டும். இலவசம்.

தெரிந்தவர்கள் மூலமாக ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கொஞ்சம் பேருக்குப் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறோம். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். வந்த பதில் எல்லாம் "நல்லா இருக்கு", "சூப்பர் தம்பி", ஐந்து நட்சத்திரம். ஆனால் உள்ளே பதிவுகளைப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் முதல் நாள் இரண்டு மூன்று வரி எழுதியதோடு சரி, அப்புறம் திறக்கவே இல்லை.

சொல்வதற்கும் செய்வதற்கும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது நான் எதை நம்புவது? அடுத்து யாரிடம், என்ன கேட்க வேண்டும்? இந்த மாதிரி வேலையில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடி டெஸ்டர்

பதிவுகளைத்தான் நம்ப வேண்டும். ஃபார்மில் வந்தது கருத்து இல்லை, மரியாதை. வீடு தேடி வந்து போனில் ஏற்றிக் கொடுத்த பையனிடம் "எனக்கு இது உதவலை" என்று நம்ம ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதுவும் அந்த ஃபார்மை முக்கால்வாசிப் பேருக்கு வீட்டுப் பிள்ளைகள்தான் நிரப்பிக் கொடுத்திருப்பார்கள்.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். "பிடிச்சிருக்கா?" "இந்த வசதி வந்தா பயன்படுத்துவீங்களா?" இரண்டும் வேண்டாம். வரப்போவதைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். "நேத்து யாருக்குக் கடன் கொடுத்தீங்க? அதை எங்க எழுதினீங்க? காட்டுறீங்களா?" நோட்டை எடுத்துக் காட்டினால் உங்கள் செயலி தோற்கிற இடம் அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

பெரம்பூர் தரவு

உணர்வுபூர்வமாகப் பேசுவதைவிட அளவுகோல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. புது நிறுவனங்களை வளர்க்கிற வேலையில் பேர் பெற்ற ஷான் எல்லிஸ் சொன்ன கேள்வி ஒன்று இருக்கிறது: "இந்தச் செயலி நாளையிலிருந்து இல்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" மிகவும் ஏமாற்றமாக இருக்கும் என்று 40 சதவீதம் பேராவது சொன்னால் பொருள் சரியான கைகளில் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஃப்ரெட் ரெய்க்ஹெல்ட் 2003ல் கொண்டுவந்த பரிந்துரை மதிப்பெண் இன்னொன்று. "இதை மற்றவருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டு, 9, 10 சொன்னவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை சொன்னவர்களின் சதவீதத்தைக் கழிப்பது. பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் ப்ரூக் 1986ல் உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோலும் உண்டு, அதில் நூற்றுக்குச் சராசரி 68. ஏதாவது ஒன்றை இப்போதே தொடங்கினால் மாதாமாதம் ஒப்பிடலாம்.

வியாசர்பாடி டெஸ்டர்

இவை எல்லாம் நல்ல கருவிகள், மறுக்கவில்லை. ஆனால் இவரிடம் இப்போது இருப்பது ஒரு தெருவில் அடங்கிவிடுகிற ஆட்கள். இரண்டு பேர் மனசு மாறினால் சதவீதம் எங்கோ போய்விடும். ஷான் எல்லிஸ் கேள்வியும் செயலியை உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்தவர்களிடம் கேட்க வேண்டியது. ஒரு நாள் திறந்து மூடியவரிடம் கேட்டு என்ன பயன்?

இப்போதைக்கு, பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதியது பொருந்தும். ஒரு பயனரை உட்கார வைத்துப் பார்த்தால் சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சிக்கல்கள் தெரியும், ஐந்து பேரைப் பார்த்தால் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. பதினைந்து பேரை ஒரே தடவை பார்ப்பதைவிட, ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரைப் பார்ப்பது மேல் என்பதும் அவர் சொன்னதுதான். ஒன்று, அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்க வேண்டும். மார்க்கெட்டில் கடை போட்டு உட்கார்ந்திருப்பவரும், கூடையோடு வீடு வீடாகப் போகிறவரும் வேறு வேறு. இரண்டையும் கலந்தால் எதுவும் பிடிபடாது.

தண்டையார்பேட்டை மீன்கார வீட்டுப் பெண்

என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் மீன் விற்கிறவர். நான் இப்போது ஐ.டி. கம்பெனியில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும். உங்கள் செயலியை இறக்கி அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், வருத்தப்பட வேண்டாம்.

கடன் பதிவு செய்ய "வாடிக்கையாளர் பெயர்", "கைபேசி எண்" இரண்டும் கட்டாயம் என்று வைத்திருக்கிறீர்கள். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். அவருக்குக் கடன் வைத்திருக்கிறவர்களில் பாதிப்பேருடைய பெயர் தெரியாது. நோட்டில் எப்படி எழுதியிருக்கிறார் என்றால் "பச்சை கேட்டு", "மாடி வீட்டு டீச்சர்", "டெய்லர் பொண்டாட்டி", "நாய் வீடு". போன் நம்பரை அவர் யாரிடமும் கேட்டதே கிடையாது, கேட்கவும் மாட்டார். நம்பர் கேட்டால் "என்னை நம்பலையா" என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார், அடுத்த நாள் வேறு கடைக்குப் போய்விடுவார். நீங்கள் போட்ட ஒரு கட்டாயக் கட்டத்தால் ஒரு வாடிக்கையே போகும்.

அடுத்து, கை. மீன் வெட்டுகிற கை எப்போதும் ஈரம், செதில், ஐஸ் தண்ணீர். ஈர விரலில் தொடுதிரை ஒழுங்காகக் கேட்காது. அம்மா 150 என்று போடப் போனார், 1550 விழுந்தது. அழிக்கிற பட்டன் சின்னது, அதைத் தொட்டால் பக்கத்தில் இருக்கிற "சேமி" அழுந்துகிறது. முந்தானையில் கையைத் துடைத்து, போனைத் துடைத்து, மறுபடி போடுவதற்குள் எதிரில் நாலு பேர் "வஞ்சிரம் என்ன விலை" என்று நிற்கிறார்கள். நோட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பேனாவை எப்படிப் பிடித்தாலும் எழுதும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாக்கியைக் குரலில் படித்துக் காட்டுகிற வசதி. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது, நல்ல எண்ணம்தான். ஆனால் யூபிஐ பணம் வந்ததும் பெட்டி சத்தமாகச் சொல்வது வேறு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சத்தமாகச் சொல்வது வேறு. பக்கத்துக் கடைக்காரி கேட்பார், நிற்கிற வாடிக்கையாளர் கேட்பார். தண்டல் (தினமும் வசூலிக்கிற வட்டிக் கடன்) கட்ட வேண்டிய பாக்கியையும் அதே இடத்தில் எழுதச் சொல்கிறீர்கள். தன் கடன் தெருவுக்குத் தெரிவதை யார் விரும்புவார்கள்? அம்மா அந்தக் குரலைக் கேட்டதும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இதில் எதையும் அம்மா உங்கள் ஃபார்மில் எழுதியிருக்க மாட்டார். "நல்லா இருக்குப்பா" என்றுதான் சொல்லியிருப்பார்.

ராயபுரம் நிரலர்

அக்கா, ரொம்ப நன்றி. இந்த ஒரு பதிவுக்காகவே இழையைத் தொடங்கியது வீண் போகவில்லை. போன் நம்பர் கட்டாயம் என்பதை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். குரல் தானாக வருவதை நிறுத்தி, காதில் வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி மாற்றலாமா என்று பார்க்கிறேன்.

இந்த மாதிரி விஷயங்களை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் பக்கத்தில் போய் எப்படி உட்காருவது? எந்த நேரத்தில்? ஏல நேரத்தில் போய் நின்றால் திட்டு விழும்.

காசிமேடு ஐஸ் வண்டி

ஏல நேரத்தில் வேண்டவே வேண்டாம். இரவு மூன்று மணியிலிருந்து வெளிச்சம் வருகிற வரைக்கும் அங்கே யாருக்கும் திரும்பிப் பேச நேரம் கிடையாது, கூடை கீழே வைத்ததும் விலை கூவுவார்கள், கண் இமைக்கிற நேரத்தில் கை மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம், ஊரே மீன் வாங்க வந்து நிற்கும். அந்த நேரத்தைத் தூரத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள், கேள்வி கேட்காதீர்கள்.

பேச வேண்டும் என்றால் மதியம். சரக்கு தீர்ந்து, பலகையைக் கழுவிவிட்டு, டீ குடித்துக்கொண்டே கணக்குப் பார்க்கிற நேரம். அன்றைக்கு எவ்வளவு மிச்சம், நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று மனசு ஓடுவது அப்போதுதான். உங்கள் செயலி வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. தேதி. சில பேர் முதல் நாள் ராத்திரியே ஐஸுக்கும் வண்டிக்கும் பணம் கொடுத்துவிடுவார்கள். அது மறுநாள் சரக்குக்கான செலவு. உங்கள் செயலியில் பன்னிரண்டு மணிக்கு நாள் மாறினால் செலவு ஒரு நாளிலும் வரவு அடுத்த நாளிலும் போய் விழும், லாபம் தப்பாகக் காட்டும். ஒரு தடவை தப்பாகக் காட்டினால் அப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

மண்ணடி வடிவமைப்பாளர்

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பற்றி, வேலையில் நான் கடைப்பிடிக்கிற சிலதைச் சொல்கிறேன்.

ஒரு வேலையைக் கொடுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். "இந்தக் கடன் பட்டனை அழுத்துங்க" என்று சொன்னால் அழுத்திவிடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. "மாடி வீட்டு டீச்சர் சங்கரா அரை கிலோ வாங்கிட்டு நாளைக்குத் தரேன்னாங்க, எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். அவர் விரல் தப்பான இடத்துக்குப் போகும்போது நம் கை தன்னால் நீளும். நீட்டாதீர்கள். அவர் எங்கே போய்த் தேடுகிறாரோ அந்த இடத்தில்தான் அந்தப் பட்டன் இருந்திருக்க வேண்டும்.

மேல்நாட்டு வழிகாட்டிகளில் "மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்" என்று இருக்கும். நம் ஆட்களிடம் அது எடுபடுவதில்லை, குறிப்பாகப் பெரியவர்களிடம். தனியாகப் பேசிக்கொள்வது அவர்களுக்குக் கூச்சம். அதற்குப் பதிலாக, செயலி தெரிந்த ஒருவரைத் தெரியாத இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சு தானாக வந்துவிடும். "இத விடு, இது எதுக்குன்னே தெரியல" என்று அவர் தாண்டிப் போகிற இடம், "இங்க ரெண்டு தடவை அமுக்கணும், அப்பத்தான் ஆகும்" என்று சொல்கிற இடம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கருத்துக் கேட்டால் கிடைக்காத விஷயம் எல்லாம் அந்தப் பேச்சில் வரும். எனக்கு இதைவிடப் பயன்பட்ட வழி வேறு எதுவும் இல்லை.

எழுதும்போது அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "இடைமுகம் குழப்பமாக உள்ளது" என்று நீங்கள் மாற்றி எழுதிவிட்டால் ஒரு வாரம் கழித்து உங்களுக்கே எதைச் சொன்னார் என்று புரியாது. "சேமி பக்கத்துலயே அழி வச்சா எப்படி" என்று இருந்தால் எப்போது படித்தாலும் புரியும்.

தண்டையார்பேட்டை மீன்கார வீட்டுப் பெண்

மண்ணடிக்காரர் சொன்ன "சொல்லிக் கொடுக்க விடுவது" சரியாக இருக்கும். அம்மா என்னிடம் வாய் திறக்க மாட்டார், ஆனால் பக்கத்துக் கடை சித்தியிடம் எல்லாக் குறையும் சொல்வார்.

ஒரு வேண்டுகோள். போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே உட்காராதீர்கள். காசிமேட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் நிறைய. கேட்காமல் எடுத்துப் போட்டு, யாரோ கீழே கிண்டலாக எழுதி, வீட்டில் சண்டை வந்த கதை எல்லாம் உண்டு. திரையைப் பதிவு செய்ய வேண்டும் என்றாலும் முதலில் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நோட்டைப் படம் எடுப்பதும் அப்படித்தான், அதில் அடுத்தவர் கடன் இருக்கிறது.

எழும்பூர் சட்டம்

அக்கா சொன்னது மரியாதைக்காக மட்டும் இல்லை, சட்டமும் அதுதான். 2023ல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, என்ன தரவு, எதற்காக என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்குவது. அந்த அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும், தமிழ் அதில் உண்டு. சோதனைக்கு வருகிறவர்கள் கையில் ஆங்கிலத்தில் நாலு பக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். நாலு வரி, பெரிய எழுத்தில், வாய்விட்டும் படித்துக் காட்டுங்கள்.

மணலி டெவ்

ப்ளே ஸ்டோர் பக்கம் சில விஷயங்கள்.

செயலிக்குள்ளேயே மதிப்பீடு கேட்கிற பெட்டி வைத்திருந்தால், அதற்கு முன்னால் "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டு, ஆமாம் என்றவர்களை மட்டும் அங்கே அனுப்புகிற வேலையைச் செய்யாதீர்கள். கூகுளின் வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. நட்சத்திரம் போட்டால் ரீசார்ஜ் பண்ணித் தருகிறேன் என்பதும் விதிமீறல்.

திருத்தங்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தள்ள வேண்டாம். கொஞ்சம் சதவீதமாகப் படிப்படியாக வெளியிடலாம், அது புதுப்பிப்புகளுக்கு மட்டும் கிடைக்கிற வசதி. எப்படியும் நீங்கள் தனிநபர் கணக்கில் புதிதாகச் சேர்ந்தவர் என்றால் வெளியிடுவதற்கு முன்பே 12 பேரை 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனையில் (அழைத்தவர்கள் மட்டும் செயலியைப் பயன்படுத்திப் பார்ப்பது) வைத்திருந்திருப்பீர்கள், அந்த 12 பேர் யார்?

ராயபுரம் நிரலர்

அவர்கள் எல்லாம் கல்லூரி நண்பர்கள். மீன் விற்கிறவர் ஒருவரும் இல்லை.

மணலி டெவ்

அந்த மூடிய சோதனைத் தடம் இன்னும் இருக்கும். இந்தத் தடவை அதில் வியாபாரிகளைச் சேருங்கள். முதலில் அவர்களுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு. செயலி நின்று போவதும் உறைவதும் ப்ளே கன்சோலில் (செயலி செய்தவர்களுக்கான கூகுள் பக்கம்) தெரியும். ஒரு நாளில் பயன்படுத்துகிறவர்களில், பயனர் உணரும் நிறுத்தம் 1.09 சதவீதத்தையும், பதிலளிக்காமல் உறைவது 0.47 சதவீதத்தையும் தாண்டினால் கூகுளே மோசம் என்று குறித்து ஸ்டோரில் உங்களைப் பின்னுக்குத் தள்ளும். ஆள் குறைவாக இருக்கும்போது அந்தச் சதவீதத்தைவிட ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனித்தனியாகப் படிப்பதுதான் பயன். விலை குறைந்த பழைய போன்கள்தான் அங்கே அதிகம், அதில் ஒன்றை வாங்கி நீங்களே ஒரு வாரம் வைத்திருங்கள்.

பெரம்பூர் தரவு

டெஸ்டர் சொன்ன மறுப்பை ஒத்துக்கொள்கிறேன், இந்த எண்ணிக்கைக்கு மதிப்பெண் சரிப்படாது. ஆனால் ஒரு எண்ணை மட்டும் விடாதீர்கள்: ஒருவர் நோட்டை விட்டுவிட்டுச் செயலியில் மட்டும் எழுதிய நாட்கள் எத்தனை. அதற்குப் பக்கத்தில் சரக்கு எடுத்த நாட்கள் எத்தனை என்பதையும் வையுங்கள். இல்லையென்றால் ஏமாந்துபோவீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வரத்து குறைந்து, விலை ஏறி, பலர் வியாபாரத்தையே நிறுத்தி வைப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் பயன்பாடு சரிந்தால் அது செயலியின் குறை இல்லை. புரட்டாசியிலும் விற்பனை படுத்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த வாரமும் அப்படித்தான். "ஏழு நாள் கழித்துத் திரும்பி வந்தவர்கள்" என்று வழக்கமாகப் பார்க்கிற அட்டவணைக்கு இந்த நாட்காட்டி தெரியாது.

காசிமேடு ஐஸ் வண்டி

தடைக்காலத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். பழைய கணக்கை எல்லாம் உட்கார்ந்து சரி பண்ணுகிற காலமும் அதுதான்.

ராயபுரம் நிரலர்

பணம் பற்றி ஒரு கேள்வி. அரை மணி நேரம் எனக்காக உட்காருகிறவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொடுத்தால் மறுபடி "சூப்பர்" தான் வருமோ?

மண்ணடி வடிவமைப்பாளர்

கொடுங்கள். அவர்கள் நேரத்துக்கு மதிப்பு உண்டு. முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், "நல்லதோ கெட்டதோ எது சொன்னாலும் இது உங்களுக்குத்தான்" என்று சொல்லிக் கொடுங்கள். செயலியை நீங்கள் செய்ததாகச் சொல்லாமல், "இதுல எங்க தடுக்குதுன்னு பார்க்க வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தால் இன்னும் மனம் விட்டுப் பேசுவார்கள். முடிந்தால் உங்கள் நண்பரை ஒருநாள் அனுப்பிப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் உங்களைவிட அவருக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

தண்டையார்பேட்டை மீன்கார வீட்டுப் பெண்

காசை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சொன்னதை மாற்றியபின் திரும்பி வந்து காட்டுவது. சங்கம், கம்பெனி, கல்லூரி ப்ராஜெக்ட் என்று கேள்வித்தாளோடு வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் நிறைய, திரும்பி வந்தவர்கள் குறைவு. அதனால்தான் யார் வந்தாலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சீக்கிரம் அனுப்பி வைக்கப் பார்க்கிறார்கள். "நீங்க சொன்னீங்களே, அழி பட்டனை இந்தப் பக்கம் கொண்டு வந்துட்டோம் பாருங்க" என்று ஒரு தடவை காட்டுங்கள். அடுத்த தடவை அம்மாவே உங்களைக் கூப்பிட்டுக் குறை சொல்வார்.

ராயபுரம் நிரலர்

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஃபார்மை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதில் செயலியின் முதல் பக்கத்திலேயே ஒரு மைக் பட்டன், அழுத்திப் பேசினால் குரல் செய்தியாக எங்களுக்கு வரும், கூடவே எந்தப் பதிப்பு, எந்த மாதிரி போன் என்பதும். அனுப்புவதற்கு முன் என்னவெல்லாம் போகிறது என்று தமிழில் சொல்லிச் சம்மதம் கேட்கும். பேர் இல்லாமல் "பச்சை கேட்டு" என்று மட்டும் போட்டுக் கடன் எழுதலாம். தொகைக்கு 50, 100, 200, 500 என்று பெரிய பட்டன்கள், கூட்டிக்கொண்டே போகும், எண் தட்ட வேண்டியதில்லை. நாள் மாறுவது நள்ளிரவில் இல்லை, வியாபாரி "இன்னைக்குக் கணக்கு முடிஞ்சது" என்று அழுத்தும்போது.

வருகிற குறைகளில் பணக் கணக்குத் தப்பாவது எதுவாக இருந்தாலும் அன்றே திருத்துவோம். வேலை நின்றுபோகிற இடம் அடுத்தது. நிறம், எழுத்து அழகு எல்லாம் பிறகுதான்.

முதலில் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறவர்கள் ஐந்து பேர். கூடைக்காரர்களை அடுத்த சுற்றில் பார்க்கிறோம்.

வியாசர்பாடி டெஸ்டர்

திட்டம் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவராவது செயலியைத் திறந்துவிட்டு விட்டுப் போனவராக இருக்கட்டும். இன்னும் பயன்படுத்துகிறவர்களிடம் மட்டும் கேட்டால், நோட்டுக்கே திரும்பியவர் எதற்காகத் திரும்பினார் என்பது தெரியாமலே போகும்.

தண்டையார்பேட்டை மீன்கார வீட்டுப் பெண்

அதற்கு எங்கள் அம்மா இருக்கிறார். சித்தியையும் உட்கார வைக்கிறேன். திங்கள், வியாழன் தவிர எந்த நாள் மதியமும் வரலாம், இரண்டு மணிக்கு மேல். புதுப் பதிப்பு வந்ததும் இங்கே சொல்லுங்கள்.

ராயபுரம் நிரலர்

வருகிறோம் அக்கா. பட்டனை மாற்றிவிட்டு, நாங்களே கையை நனைத்துப் பார்த்துவிட்டு வருகிறோம்.